அடுத்த வருஷம் ஆடுவா

பீங்கானில் என்னென்னவோ செய்கிற ஊர் எங்கள் விருத்தாசலம். ஊறுகாய் ஜாடி, பொம்மை, கரண்டுக்கு ஃபியூஸ் கட்டை எல்லாம் செய்கிறார்கள். ஆனால் என் மகளின் பி.டி. டீச்சர் மேல் எனக்கு இருந்த கோபத்தைப் போட்டு மூடி வைக்கிற அளவுக்கு ஒரு ஜாடியை இன்னும் யாரும் செய்யவில்லை.

நான் வேலை பார்ப்பதும் ஒரு பீங்கான் கம்பெனியில்தான். அச்சிலிருந்து எடுத்த ஃபியூஸ் கட்டைகளின் ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாக அடுக்கிக் காய வைப்பது என் வேலை. வீட்டுக்காரர் சபரில் இருந்தார். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவதை எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்வோம். வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். எங்களுக்கு ஒரே மகள். ஹாக்கியில் ஃபார்வர்டு, அதாவது முன்னால் நின்று கோல் போடுகிற இடத்தில் ஆடுகிறவள்.

அவளை ஹாக்கிக்கு இழுத்தது அவள் சோம்பேறித்தனம்தான். ஆறாவது படிக்கும்போது ஒருநாள் ஸ்கூலுக்கு லேட்டாகப் போயிருக்கிறாள். பிரேயர் ஆரம்பித்துவிட்டது. கேட்டில் நிற்க வைத்து அடிப்பார்களே என்று பயந்து, நின்றிருந்த வரிசைகளுக்குள்ளேயே புகுந்து, ஒருத்தி மேலும் இடிக்காமல் நெளிந்து ஓடித் தன் இடத்தில் போய் நின்றுவிட்டாள். மேடையிலிருந்து பி.டி. டீச்சர் அதைப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டுத் திட்டுவார் என்று இவள் நடுங்கிக்கொண்டு போக, அவர் இவள் கையில் ஒரு பழைய ஹாக்கி மட்டையைக் கொடுத்து, "சாயங்காலம் கிரவுண்டுக்கு வா" என்றாராம்.

அந்த வருஷம் வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தார். மகள் மட்டையும் கையுமாகத் தெருவில் நின்று, போகிற வருகிற சைக்கிளுக்கு நடுவே பந்தை உருட்டிக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் திரும்பிப் போகிற அன்று, "நீ பெரிய மேட்ச் ஆடுறப்ப அத்தா லீவு போட்டு வந்து முன்னாடி உக்காந்து பாப்பேன்" என்று அவளிடம் சொன்னார். சபருக்குப் போகிறவர்கள் ஏர்போர்ட்டில் எதை எதையோ சொல்வார்கள். இவர் சொன்னதை மறக்கவே இல்லை. அதுதான் எங்களுக்கு வினையானது.

டீச்சர் நெய்வேலியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போகிறவர். வெயிலில் கறுத்துப்போன ஒல்லியான பெண்மணி. சத்தம் போட்டுப் பேச மாட்டார். அவருடைய பொறுமை மாதிரி ஒரு பொறுமையை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். முதல் வருஷம் முழுக்க என் மகளைக் கோல் அடிக்கவே விடவில்லை. கோலுக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதை டி என்பார்கள். அதற்குள்ளே வரைக்கும் பந்தைக் கொண்டுபோய், வேறு ஒருத்தியிடம் தள்ளிவிட்டு வந்துவிட வேண்டும். கோல் அவளுக்கு, கைதட்டல் அவளுக்கு. என் மகள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்து அழுவாள். மறு வருஷம் இன்னும் மோசம். ஃபார்வர்டைக் கொண்டுபோய்ப் பின்னால் தடுக்கிற இடத்தில் நிறுத்திவிட்டார். தடுக்கிறவர்கள் எதற்குப் பயப்படுவார்கள் என்று இவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

அதற்கடுத்த வருஷம் மாவட்ட ஃபைனல். இவள் முன்னால்தான் ஆடப்போகிறாள் என்று ஸ்கூலே பேசிக்கொண்டது. வீட்டுக்காரருக்கும் லீவு முறை வந்திருந்தது. அவர் ரூமில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே கம்பெனி என்பதால், ஒருத்தர் வந்த பிறகுதான் இன்னொருத்தர் ஊருக்குக் கிளம்ப முடியும். இவர் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது டீச்சர், இவள் ஃபைனலில் வெளியே உட்காருவாள் என்று சொல்லிவிட்டார்.

நான் சும்மா விடவில்லை. கம்பெனியிலிருந்து அப்படியே, கையில் காய்ந்த வெள்ளை மண்ணோடு கிரவுண்டுக்குப் போனேன்.

"டீச்சர், எம்பொண்ணு என்ன தப்பு பண்ணிட்டா?"

"ஒரு தப்பும் பண்ணலங்க. நல்லா ஆடுறா. அதான் உக்கார வெக்கிறேன்."

"இது எந்த ஊரு நியாயங்க?"

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "அவளுக்குப் பந்து கெடச்சா ஒடனே அடிச்சிடணும். இப்ப எதுர நிக்கிறதெல்லாம் சின்னப் புள்ளைங்க, கோலு வுழுது. நாளைக்குப் பெரிய கீப்பர் வந்து நின்னா வுழாது. இப்பவே கைதட்டு வாங்கிட்டான்னா, பொறவு நான் சொல்றது காதுல ஏறாது. அடிக்காம நிக்கறதுக்குக் கத்துக்கட்டுங்க. அடுத்த வருஷம் ஆடுவா."

காயாத கட்டையைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பதுதான். ஆனால் ஃபியூஸ் கட்டைக்கு அப்பா கிடையாது, அவர் லீவு போட்டு வருவதும் கிடையாது.

ராத்திரி போனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "செரி, டீச்சருக்குத் தெரியாததா. ரூமுல ஒருத்தரு தங்கச்சி கல்யாணம்னு நிக்கிறாரு. என் முறையில அவரப் போவச் சொல்லிடறேன். அடுத்த வருஷம் அவ ஆடுறப்ப வரேன்" என்றார்.

"அப்ப நான் ஒருத்தி இங்க இருக்கறது?" என்றேன்.

"நீ என்னிக்கு மேட்ச் ஆடுன?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த லீவு முறை வந்தபோது இவளுக்குக் கணுக்கால் சுளுக்கு. நன்றாக நடந்தாள், ஓடினாள், குதித்துக் காட்டினாள். டீச்சர் கேட்கவில்லை. வளர்கிற எலும்பு, அவசரப்பட்டால் ஆயுசுக்கும் நொண்ட வேண்டும் என்று மறுபடியும் உட்கார வைத்தார். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஆள் வந்து கேட்டதற்கும், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்காரரும் தன் லீவு முறையைத் திரும்ப ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று அந்த டீச்சரும் இவரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி சொன்னார்கள். நடுவில் நான் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் வளர்ந்தாள். பத்தாவது முடித்த பிறகு டீச்சர் அவளை முன்னால் விட்டபோது, எனக்கே அவள் வேறு யாரோ மாதிரி இருந்தாள். பந்து அவள் மட்டைக்கு வந்தால் பதற்றமே இல்லை. எதிரே ஓடி வருகிறவளை ஓடி வர விட்டு, கடைசியில் ஒதுங்குவாள். விட்டுக்கொடுத்த லீவு முறை அவருக்குத் திரும்ப வந்திருக்கவில்லை. அதனால் மேட்ச் நடக்கும்போது நான் கோட்டுக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அங்கே அவர் பார்த்துக்கொண்டிருப்பார். கோல் போட்டதும் இவள் என் பக்கம் திரும்பி மட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவாள். போனுக்குள் அவர் இரண்டு கையையும் ஆட்டுவார். ஸ்கூல் டீமுக்கு நீலச் சட்டை. அந்த நீலக் கூட்டத்தில் அவள் எங்கே ஓடினாலும் "அதோ, அதோ எம்பொண்ணு" என்று ரூமில் இருக்கிறவர்களுக்குக் காட்டுவார்.

போகப் போக, "எது அவ?" என்று கேட்க ஆரம்பித்தார்.

நாங்கள் கிண்டல் செய்தோம். "பெத்த பொண்ணயே தெரியலயாத்தா?" என்று அவள் கேட்பாள். "நெட்டு சரியில்லம்மா, எல்லாம் கலங்கலாத் தெரியுது" என்பார். வீடியோவில் பேசும்போது போனை முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொள்வார். எங்களுக்கு நெற்றி மட்டும்தான் தெரியும். "நெத்திய எதுக்குக் காட்டறீங்க, எத்தினி சுருக்கம்னு எண்ணறதுக்கா?" என்று நானும் கேட்டிருக்கிறேன். அவருக்குச் சர்க்கரை இருப்பது எங்களுக்குத் தெரியும். சபரில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது. அது கண்ணுக்குப் போயிருக்கிறது, சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று அங்கே டாக்டர் சொல்லியிருந்ததுதான் எங்களுக்குத் தெரியாது.

சபராளிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நோய் வந்தாலும் அதை லீவு வரைக்கும் தள்ளிப் போடுவார்கள். பல்வலி, மூலம், முதுகுவலி எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி ஊருக்குக் கொண்டு வருவார்கள். ஊரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்கு வாய்ப்பாடு. இவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். லீவில் போகும்போது கண்ணைக் காட்டிக்கொள்ளலாம். லீவு மகள் மேட்சுக்கு. மேட்ச் அடுத்த வருஷம்.

அந்த அடுத்த வருஷமும் வந்தது. மாநில ஜூனியர் அணியில் அவளை எடுத்துவிட்டார்கள். சென்னையில் கேம்ப், அங்கேயே மேட்ச். செய்தி வந்த அன்று டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். "இப்ப அவங்க அத்தாவ வரச் சொல்லுங்க" என்றார்.

மகளைக் கேம்பிலிருந்து வெளியே விடவில்லை, நான் மட்டும் சென்னை ஏர்போர்ட்டுக்குப் போய் நின்றேன். கூட்டத்தில் அவர் ஒரு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். தள்ளியது அவர் இல்லை. அதே விமானத்தில் வந்த கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருத்தர் தள்ள, இவர் ஓரத்தில் கை வைத்துக்கொண்டு நடந்து வந்தார். நான் கையை ஆட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் போய், "என்னங்க" என்றதும் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பியது. ஆனால் பார்வை எனக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது.

ரயிலில் வரும்போது, "கொஞ்சம் மங்கலா இருக்குது, அவ்ளோதான்" என்றார். வீட்டுக்கு வந்து டீ டம்ளரை நீட்டினேன். அவர் கை அதற்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தது. நான் டம்ளரை அவர் விரலுக்குள் வைத்தேன்.

பாண்டிச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கண்ணில் ஒன்றும் மிச்சம் இல்லை, இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் இருக்கும் என்றார் டாக்டர். முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று எல்லா டாக்டரும் சொல்வதை அவரும் சொன்னார். இவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. "எம்பொண்ணுக்கு மேட்சு இருக்குது டாக்டர். அதுக்குள்ளாற எதுனா ஊசி போட்டா, அன்னிக்கு ஒரு நாளைக்காவது தெரியுங்களா?" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னது இது ஒன்றுதான். "அவகிட்ட சொல்லிடாத. ஆடி முடிக்கட்டும்."

மறுநாள் டீச்சர் வந்து, விஷயம் தெரிந்து, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு நான் டீ போட உள்ளே போனபோது பின்னாலேயே வந்து, "நான் அந்த வருஷமே அவள ஆட வுட்டிருந்தா இவரு வந்திருப்பாரு இல்லிங்களா?" என்று கேட்டார். இத்தனை வருஷமாக நான் அவரைக் கேட்க நினைத்ததெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்த அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் காக்க வைத்ததால்தான் என் மகள் இன்றைக்கு அங்கே இருக்கிறாள். காத்திருந்தது மகளுக்கு நல்லதாயிற்று, வீட்டுக்காரருக்கு நாசமாயிற்று. இரண்டும் ஒரே காத்திருப்புதான். யார் மேல் கோபப்படுவது? "சர்க்கரை போடவா டீச்சர்?" என்று மட்டும் கேட்டேன்.

மேட்ச் அன்று காலையில் விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறினோம். டீச்சரும் வந்தார். இவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, அத்தர் பூசிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட மறுத்துவிட்டார். போட்டால் மகள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாளாம். ஸ்டேடியத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அவர் சொன்ன மாதிரியே, முன்னாடி. டீச்சர் எங்களோடு உட்காராமல் நான்கைந்து வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நீ சொல்லு, நான் பாக்கறேன்" என்றார் இவர்.

எனக்கு ஹாக்கி என்ன தெரியும்? தெரிந்ததைச் சொன்னேன். பந்து இந்தப் பக்கம் வருகிறது, அந்தப் பக்கம் போகிறது, இவள் ஓடுகிறாள், ஒருத்தி குறுக்கே வருகிறாள், விசில். "எதுக்கு விசிலு?" என்பார். "எனக்கென்ன தெரியும், விசிலு ஊதற அம்மாவுக்குக் கோவம்" என்பேன். அவர் சிரிப்பார். தண்ணீர் தெளித்த நீலச் செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு போனது. எங்கள் ஊர் மண் கிரவுண்டில் துள்ளித் துள்ளிப் போகும் பந்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் வாய்க்கு அந்த வேகம் பிடிபடவில்லை.

இரண்டாவது பாதியில் அவளுக்குப் பந்து கிடைத்தது. இடது ஓரத்தில் ஒருத்தியைத் தாண்டி, இன்னொருத்தியை ஏமாற்றி, டிக்குள் வந்துவிட்டாள். எதிரே கீப்பர் மட்டும். ஆள் நல்ல உயரம், காலில் கவசம், கதவு மாதிரி நின்றாள். கேலரியே "அடி, அடி" என்று கத்தியது. அவள் அடிக்கவில்லை.

"என்ன ஆச்சு? சொல்லு" என்று என் கையைப் பிடித்தார்.

"நிக்கறா."

"ஏன் நிக்கறா?"

"காத்துகினு இருக்கா."

பந்தை மட்டையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். கீப்பருக்குப் பொறுக்கவில்லை, காலை நீட்டி விழுந்து சறுக்கினாள். அதற்குப் பிறகுதான் இவள் பந்தைத் தொட்டாள். பக்கத்தில் மெதுவாக, தட்டில் சோற்றை ஒதுக்குகிற மாதிரி ஒரு தள்ளல். பந்து உருண்டு போய்ப் பின்பலகையில் டொக்கென்று இடித்தது. நான் சொல்வதற்கு முன்பே அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. "வுழுந்துடுச்சு, வுழுந்துடுச்சு" என்று எழுந்து நின்று அழுதார். நான் திரும்பி டீச்சரைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மகள் எங்கள் பக்கம் ஓடி வந்து மட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அதை அவரிடம் சொல்ல மறந்து நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தம் வந்த கோல் பக்கமே திரும்பி நின்றார். அவள் மட்டையைத் தூக்கியபடி கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாள். அப்புறம் கூட இருந்தவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மேட்ச் முடிந்து எல்லாரும் கைகுலுக்கி ஓய்ந்த பிறகு கேலரிக்கு வந்தாள். தலை வேர்த்து நனைந்திருந்தது. ஐந்தாறு வருஷம் கழித்து அத்தாவை நேரில் பார்க்கிறாள். "அத்தா" என்றதும் அவர் எழுந்தார். கையைத் துழாவாமல், மார்புக்கு நேரே நீட்டினார். ரயிலிலேயே அதை யோசித்து வைத்திருப்பார் போல. அவளே வந்து அதற்குள் புகுந்துகொண்டாள்.

"பார்த்தேம்மா. ஆரம்பத்துலேர்ந்து பார்த்தேன். கீப்பர வுழ வெச்சிட்டுத் தள்ளுன பாரு, அதயும் பார்த்தேன்" என்றார். "அந்த நீலச் சட்டையில நீ ஓடி வரச் சொல்ல, அத்தினி பேருல எம்பொண்ணு எதுன்னு ஒடனே தெரிஞ்சிடுச்சு."

மாநில அணிக்கு மஞ்சள் சட்டை. நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். நிறத்தைச் சொல்ல யாருக்குத் தோன்றும்?

அவள் தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் முகம் ஒரு நிமிஷம் சுருங்கிக் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவசரப்படவில்லை. மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, குரல் சரியாகும் வரைக்கும் காத்திருந்தாள்.

"ஆமாத்தா. கோலு போட்டுட்டு மட்டையத் தூக்குனப்ப நீங்க ரெண்டு கையும் ஆட்டுனீங்க இல்ல, நானும் பார்த்தேன்" என்றாள்.

அவர் கை ஆட்டவே இல்லை.